மே மாதத்துக்காக விதைத்த பாத்தியில் நடந்தது

பிரவீன்,

உன் வலது கையை உடைத்தது நான்தான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியிருப்பது உண்மை. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்தே கழிந்த தோள் இது, ரிடையர் ஆனதை அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நீ அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாய். "மருமகளுக்காகப் பெத்த புள்ள கைய உடைச்ச தாய்" என்று போட்டாய். உடனே ஆளாளுக்கு அழுகிற பொம்மை, கும்பிடுகிற கை, உடைந்த இதயம். உன் ஜோசப் மாமா இரண்டு முறை அழுதிருக்கிறார். நீ பாதிக் கதையை ஊரறியச் சொன்னதால் மீதியை நானும் இங்கேயே, எல்லார் கண் முன்னாலேயும் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல குட் மார்னிங் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலையில் எனக்கு மட்டும் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினாய். அதையும் இவர்கள் தெரிந்துகொள்ளட்டும். "மம்மி, நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டா, அவளே ஈர மண்ணுல வழுக்கி தொட்டி மேல விழுந்துட்டான்னு சொல்லிடு. வேற யாரும் பாக்கல. நீ ஒரு வார்த்தை சொன்னா கேஸே நிக்காது." மூன்று தடவை போட்டுக் கேட்டேன். கெஞ்சுகிறாயா, கட்டளை போடுகிறாயா என்று பிரித்துப் பார்க்கத்தான். தெரியவில்லை. உன் பெண்டாட்டி ப்ரின்ஸி புகார் கொடுத்திருக்கிறாள், சாட்சி என்று இருப்பது நான் ஒருத்திதான், நான் வாயைத் திறப்பதில்தான் உன் வேலையும் அவள் பாதுகாப்பும் தொங்குகின்றன என்பது உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைப் படி.

மார்ச் மாதம் தவக்காலம் தொடங்கின வாரத்தில் உன் பெண்டாட்டி ஒரு சூட்கேஸோடு விவேக் நகருக்கு வந்து நின்றாள். "வைட்ஃபீல்ட்ல டேங்கர்கூட வரல அத்தை. கொஞ்ச நாள் இங்கருந்தே வேலை பண்ணிக்கறேன்" என்றாள். நீயும் போன் செய்து அதையே சொன்னாய், ஒரே பாட்டை இரண்டு பேரும் மனப்பாடம் செய்தது மாதிரி. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்சு, நான் நம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். உன் அப்பா போனதற்கப்புறம் இந்த வீட்டில் நான் திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் இருந்தது. வந்த மறுநாளே அவள் கையில் களைக்கொத்தைக் கொடுத்துப் பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மே மாதம் முழுக்க மாதாவுக்கு வீட்டில் விளைந்த பூதான் வைப்போம். கடைப் பூ வாங்கி வைத்தால் பக்கத்து வீட்டு லூர்து அக்காவே சும்மா விடமாட்டாள். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் இது பெரிய காரியம் இல்லை. மே மாதத்திலும் ஸ்வெட்டரைத் தேடிய ஊர் இது, ரோஜாவும் ஆஸ்டரும் கேட்காமலே பூத்தன. இப்போது ஏப்ரல் பிறந்ததும் ரோஜா மொட்டு மொட்டாகவே கருகுகிறது. அதுவும் நம் பாத்தி வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், மேற்குப் பார்த்து இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவர் தோசைக்கல்தான். பெட்டூனியா நாற்று வாங்கி வைத்தேன், செத்தது. இன்னும் என்னென்னவோ வைத்தேன், எல்லாம் செத்தது. கோபம் வந்து, வெயிலுக்குப் பயப்படாத பூவாகப் பொறுக்கி விதை சேர்க்க ஆரம்பித்தேன். ஜின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, மஞ்சள் காஸ்மாஸ், டேபிள் ரோஸ். எல்லாம் ஒரு பருவச் செடிகள், வந்து பூத்து விதையைக் கொட்டிவிட்டுச் சாகிறவை. தவக்காலம் தொடங்கினதும் விதைத்தால் மே பிறக்கும்போது பூ கைக்கு வரும்.

ப்ரின்ஸிக்கு ஒன்றும் தெரியாது. கே.ஜி.எஃப். பெண், அவர்கள் வீட்டு வாசலில் தங்கச் சுரங்கம் கழித்துப் போட்ட சைனைடு மண்மேட்டைத் தவிர எதையும் பார்த்து வளரவில்லை என்று அவளே சொல்வாள். டேபிள் ரோஸ் விதையை உள்ளங்கையில் கொட்டியதும், "இன்னா அத்தை, இது விதையா, மை டப்பாவா?" என்றாள். மூச்சை அடக்கிக்கோடி, பறந்துடும் என்று ஒரு அதட்டுப் போட்டேன். அந்த விதையை ஆற்று மணலோடு கலந்து தூவ வேண்டும், மேலே மண் மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வாடாமல்லி விதை பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வேண்டும். ஜின்னியாவைத் தொட்டியில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுகிற வேலையே கூடாது. வேரைத் தொட்டால் அதற்கு ஆகாது, இருக்கப்போகிற இடத்திலேயே விரலால் குழி போட்டு விதைக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும் என்று சுற்றி மஞ்சள் தூள் கோடு போடச் சொன்னேன். அவள் ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி போட்டாள். மத்தியான வெயிலுக்கு உன் பழைய கொசுவலையை நான்கு குச்சியில் கட்டிப் பந்தல் போட்டோம். காலையில் மட்டும் தண்ணீர், அதுவும் வேருக்கு. ஜின்னியா இலையில் தண்ணீர் ஊற்றினால் மாவு பூத்துப் போகும். இதெல்லாம் அவளுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. முளைத்தவை நெருக்கமாக எழும்பினதும் கலைக்க வேண்டும், நாலு விரல் இடம் விட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எறிய வேண்டும். "எல்லாம் நல்லாத்தானே அத்தை இருக்கு, எதைப் பிடுங்கறது?" என்று கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவுக்கு வாயும் கையும் சேர்ந்தே வேலை செய்யும் என்று உனக்குத் தெரியாதா. "கிள்ளுடி, என்ன பார்த்துக்கிட்டிருக்கே!" என்று மைதானக் குரலில் கத்திக்கொண்டு கையை வீசிக் காட்டினேன். அவள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு முழங்கையை முகத்துக்கு மேலே தூக்கினாள்.

பிரவீன், நான் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள். பந்து முகத்துக்கு வந்தால் சாதாரணப் பிள்ளை கண்ணை மூடும், உள்ளங்கையை நீட்டும். வீட்டில் அடி வாங்கிப் பழகின பிள்ளை முழங்கையைத்தான் முதலில் தூக்கும், தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். மைதானத்தில் அதைப் பார்த்த அன்றைக்கே அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் குடிக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று விசாரித்துவிடுவேன். அதே முழங்கையை என் வீட்டுப் பாத்தியில் பார்த்தேன். அந்த வெயிலிலும் அவள் ஏன் முழுக்கை குர்த்தா போட்டுக்கொண்டு மண்ணில் உட்காருகிறாள் என்று அதுவரை நான் கேட்கவில்லை. ஐ.டி. பெண்கள் கறுத்துவிடுவோமென்று பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். "கைய மடிச்சு விடுடி" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். நானே மடித்து விட்டேன். மஞ்சளாகவும் பச்சையாகவும் ஊதாவாகவும், ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. "பஸ்ட் டைம்னா நான் வந்திருக்கவே மாட்டேன் அத்தை" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து நாற்றைக் கிள்ளி முடித்தோம். நான் இருக்க வேண்டியதையும் சேர்த்துக் கிள்ளிவிட்டேன்.

அன்று சாயந்திரமே உன்னைக் கூப்பிட்டேன், மறந்திருக்கமாட்டாய். "சும்னே டிராமா பண்றா மம்மி. கோவத்துல கையப் புடிச்சேன், அவ்ளோதான்" என்றாய். பிடித்தால் விரல் பதியும், பெல்ட் பக்கிள் பதியாது என்றேன். அப்புறம் அழுதாய். வேலை அழுத்தம், தூக்கம் இல்லை, மேனேஜர் பிசாசு, இனிமேல் சத்தியமாகச் செய்யமாட்டேன், டாக்டரிடம் போகிறேன் என்றாய். நீ அழுதால் எனக்கு ஆகாது, உனக்கு அது தெரியும். நானும் அழுதேன். ஆனாலும், நான் கூப்பிடும்வரை இந்தக் கேட்டைத் தாண்டாதே என்று சொல்லித்தான் போனை வைத்தேன். டாக்டரிடம் போனாயா என்று அடுத்த வாரம் கேட்டேன், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றாய். அதற்கடுத்த வாரமும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் முழுக்க நெருப்பு. கரண்ட் போய்ப் போய் வந்தது, காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பாத்திக்கு ஊற்றினோம். நத்தை வந்தது. நான் உப்பைத் தூவிக் கொன்றேன், ப்ரின்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருச்சாளி ஒன்று வேரைத் தோண்டியது, அதையும் விறகுக் கட்டையால் அடித்துக் கொன்றேன். இரக்கப்பட்டுக்கொண்டு தோட்டம் போட முடியாது. தலைக்கொழுந்தைக் கிள்ளிவிட்டதில் ஜின்னியா பக்கவாட்டில் கிளைத்து, மே முதல் வாரத்தில் அந்தக் கொதிக்கிற சுவரை ஒட்டிச் சிவப்பும் ஆரஞ்சுமாக நின்றது. கோழிக்கொண்டை என் முழங்கால் உயரம். ப்ரின்ஸி அன்றைக்குத்தான் தானாகக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். கை நிறையப் பூவை அள்ளிக்கொண்டு நின்றவளை நான்தான் போட்டோ எடுத்தேன். அதை அவள் ஸ்டேட்டஸில் போட்டாள். ஆறிய தழும்பு வெளிச்சத்தில் தெரிகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உன் ஆபீஸ் நண்பனின் மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. அவள் கணவனிடம் கேட்டாள், அவன் உன்னிடம் கேட்டான்.

அந்தச் சனிக்கிழமை, தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் மாதா சுரூபம் நம் வீட்டுக்கு வந்திருந்தது. மே மாதம் ஒவ்வொரு வீடாகப் போகும், தெரு ஜனங்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள், அப்புறம் சுண்டலும் ரஸ்னாவும். ஹாலில் நடக்க இடமில்லாமல் பிளாஸ்டிக் நாற்காலி. லூர்து அக்கா முன்வரிசை. வீட்டுக்காரி என்பதால் நான்தான் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தேன். குவளையில் பூ குறைகிறது என்று ப்ரின்ஸி இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு வரப் பாத்திக்குப் போனாள். ஜெபமாலையில் மூன்றாவது தேவ ரகசியம் தொடங்கியபோது உன் பைக் சத்தம் கேட்டது. பாத்திப் பக்கத்துக் கேட்டு திறந்த சத்தமும் கேட்டது.

இனிமேல் எழுதப்போவதை அந்த ஹாலில் இருந்தவர்களும் படிக்க வேண்டும், நீங்களும் இந்தக் குழுவில் நாலு பேர் இருக்கிறீர்கள். ஜன்னல் திறந்திருந்தது. "எவன் பாக்கறதுக்குடி போட்டோ போட்டே?" என்று நீ கத்தியது எல்லாருக்கும் கேட்டது. தொட்டி உடைந்தது கேட்டது. "அத்தை!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. லூர்து அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு குரலை உயர்த்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவர்கள் உயர்த்தினார்கள். மங்கள வார்த்தை ஜெபம் அந்த ஹாலில் அவ்வளவு சத்தமாக ஒருநாளும் கேட்டதில்லை. நானும் உயர்த்தினேன் பிரவீன். ஒரு ரகசியத்தைத் தொடங்கினால் நடுவில் அறுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிய வாய். வந்தவர்கள் முன்னால் குடும்ப அசிங்கம் வெளியே தெரியக் கூடாது என்று பழகிய மூளை. அவள் இரண்டாவது தடவை கூப்பிட்டாள். நான் மணியை உருட்டிக்கொண்டேதான் இருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட வந்த குரல் பாதியில் அடைத்துப்போனது. அப்போதுதான் எழுந்தேன்.

நான் பார்த்தது இது. ஜின்னியா ஒன்றுகூட நிற்கவில்லை, வேரோடு பிடுங்கிச் சுவரில் அடித்திருந்தாய். கோழிக்கொண்டையை மிதித்து நசுக்கியிருந்தாய். அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, முதுகில் முழங்காலை ஊன்றி, முகத்தைப் பாத்திக்குள் அழுத்திக்கொண்டிருந்தாய். "தின்னு. பூ நடறியா பூ? மண்ணத் தின்னு" என்றாய். அவள் கால் தரையில் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு அடிப்பது குறைந்தது. "டேய்" என்று கூப்பிட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்த்துவிட்டு, மறுபடியும் அழுத்தினாய். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. இரும்புப் பக்கமா காம்புப் பக்கமா என்று யோசிக்க எனக்கு ஒரு கணம் இருந்தது. காம்பைத் தேர்ந்தெடுத்தேன். நீ என் பிள்ளை என்பதற்காக அன்று நான் செய்தது அந்த ஒன்றுதான்.

அடி விழுந்தபோது நீ போட்ட அலறலில்தான் உள்ளே ஜெபம் நின்றது. அவள் அலறியபோது நிற்கவில்லை. ப்ரின்ஸியைப் புரட்டி, விரலை விட்டு வாயிலிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தேன். இருமினாள், வாந்தி எடுத்தாள், மூக்கிலிருந்தும் மண் வந்தது. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கழுத்தில் உன் விரல்கள். ஜன்னல் பக்கம் ஒரு தலை இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எல்லாரும் முன்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள், ரஸ்னா அப்படியே இருந்தது. ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் பைக்கில் விழுந்ததாகச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டாய். போலீஸ் பேச்சு வந்ததும் உன் கதையில் பைக் மறைந்து, அடித்தவளாக நான் வந்துவிட்டேன்.

மறுநாள் லூர்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "நாங்க ஜெபத்துல இருந்தோம் டீச்சரம்மா, ஒண்ணும் காதுல விழல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்த முறத்தைப் பிடுங்கி அவள் தலையிலேயே போடலாம் போலிருந்தது. அப்புறம் நான் எத்தனை மணி உருட்டினேன் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடித் திரும்பி வந்தேன். ஜோசப் மாமா போன் செய்தார். "புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா, ஸ்டேஷன் வரைக்கும் போனா குடும்ப மானம் என்னாகறது? ஃபாதர்கிட்ட உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்." அண்ணா, உங்கள் வாயில் ஒருபிடி ஈர மண்ணைத் திணித்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசலாம் வாங்க என்றேன். அவர் போனை வைத்துவிட்டு இங்கே வந்து அழுதிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பெண் எஸ்.ஐ.யும் என்னைப் பார்த்துத் தயங்கினாள். சின்னப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். "அம்மா, நீவு தாயி அல்வா? மகன மேலே ஹேளிகே கொட்தீரா?" என்றாள். தாயாயிற்றே, மகன்மேல் வாக்குமூலம் கொடுப்பீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறாள். எத்தனை அம்மாக்கள் அவள் முன்னால் வந்து மருமகள் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தால் இப்படிக் கேட்பாள்! யோசித்து வாருங்கள் என்று நாளைக்குத் தேதி கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் குரல் பதிவில் கடைசியாக ஒன்று சொன்னாய். "நீ என்னை அடிக்கலயா மம்மி? ஸ்கிப்பிங் ரோப்ல அடிச்சியே, அப்ப எந்த ஸ்டேஷனுக்குப் போனே?" அடித்தேன். கணக்குப் பரீட்சைக்கு அடித்தேன், பொய் சொன்னதற்கு அடித்தேன், ஒருமுறை காரணமே இல்லாமல் பள்ளிக்கூடத்துக் கோபத்தைக் கொண்டுவந்து உன்மேல் இறக்கினேன். உன் அப்பா அன்று கயிற்றை வாங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த மனுஷர் ஆயுசுக்கும் யார்மேலும் கை ஓங்கியதில்லை. ஆக, உனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தோம். நீ என்னை எடுத்துக்கொண்டாய், அவரை விட்டுவிட்டாய். என் பங்கு இதில் எவ்வளவு என்று நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அந்தக் கேள்வியை உனக்குக் கேடயமாகக் கொடுக்கமாட்டேன். நீ முப்பதைத் தாண்டிய ஆம்பளை. அந்தக் கையை ஓங்கினது நீ.

பாத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜின்னியா பிழைக்கவில்லை, வேர் அறுந்தால் அது பிழைக்காது. டேபிள் ரோஸ் மட்டும் மிதித்த இடத்திலெல்லாம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு பூக்கிறது, அது அப்படிப்பட்ட செடி. இதிலிருந்து யாரும் பாடம் எடுத்துக்கொண்டு வந்து இங்கே பூப்படம் போட வேண்டாம். ப்ரின்ஸிக்கு இன்னும் பாத்தி பக்கம் போக முடியவில்லை, ஈர மண் வாசனை வந்தால் ஓடிப் போய் வாந்தி எடுக்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவள் எவ்வளவு காலம் இருக்க நினைக்கிறாளோ அவ்வளவு காலம் இது அவள் வீடு. அவளுக்குப் போன் செய்யாதே, மெசேஜ் அனுப்பாதே, ஆள் அனுப்பாதே. வக்கீல் வைத்துக்கொள், அது உன் உரிமை. வக்கீலிடமாவது உண்மையைச் சொல். டாக்டர் அப்பாயின்ட்மென்டை இந்த முறை கிடைக்கும்வரை கேள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் எனக்கு இறங்கவில்லை. வலது கையில் கட்டோடு நீ எப்படிச் சாப்பிடுகிறாய், இடது கையால் ஸ்பூனைப் பிடிக்கிறாயா, உனக்கு யார் தலை துவட்டிவிடுகிறார்கள் என்றே நினைப்பு ஓடுகிறது. சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டபோது நான் இராப்பகலாக வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்த கை அது. அதை நானே உடைத்தேன். நேற்று சமையலறையில் தனியாக உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதேன். ப்ரின்ஸி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்து போகவில்லை.

நாளைக் காலையில் அவளும் நானும் பஸ்ஸில் போகிறோம். ஈர மண் என்று சொல்லமாட்டேன், வழுக்கினாள் என்று சொல்லமாட்டேன். பார்த்ததைச் சொல்வேன். கேட்டுக்கொண்டே ஜெபம் சொன்னேன் என்பதையும் சொல்வேன், உன் கையை நான் உடைத்தேன் என்பதையும் சொல்வேன். அதற்கு என்மேல் கேஸ் போட்டால் போடட்டும். முதலில் பெயர் கேட்பார்கள், வயது கேட்பார்கள். அப்புறம் குற்றம் சாட்டப்பட்டவன் உங்களுக்கு என்ன உறவு என்று அந்தச் சின்னப் பெண் கேட்பாள். நான் பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் மீதியைத் தொடங்குவேன்.

மம்மி